ஒரு நஞ்சு, இரு நஞ்சு

ஒருகரு இரட்டையரில் ஒன்று கொழுகொழுவென்றும் மற்றது நோஞ்சானாகவும் பிறந்தால், வடசென்னையின் நெட்டுக்குப்பமானாலும் ராயபுரமானாலும் பழி தாயின் சாப்பாட்டின் மேல்தான் விழும். சாப்பாடு இரண்டுக்கும் ஒன்றுதானே! விடை வேண்டுமானால், ஒருகரு இரட்டையரிலேயே உள்ள இரு வகையை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

கரு மூன்று நாளுக்குள் பிரிந்தால், குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சு (பிளசென்டா) ஆளுக்கொன்று. நான்கிலிருந்து எட்டு நாளுக்குள் பிரிந்தால் இருவருக்கும் ஒரே நஞ்சு. முன்னது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பின்னதே மிகுதி. தனி நஞ்சுக்காரர்களே அதிகம் வேறுபடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது தலைகீழ்: எடையில் பெரிய இடைவெளி ஒரே நஞ்சைப் பகிர்ந்தவர்களிடமே கூடுதல்.

தனி நஞ்சில், அது கருப்பையில் ஒட்டிய இடம் நல்லதா சுமாரா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் ஏற்றத்தாழ்வு. பொது நஞ்சிலோ பங்கே சமமில்லை. ஒருவரின் தொப்புள்கொடி நஞ்சின் நடுவில் ஊன்றியிருக்க, மற்றவருடையது ஓரத்துச் சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்று 2.4 கிலோ, மற்றது 1.7 கிலோ என்றால் இடைவெளி 29 சதவீதம். 20-25ஐ எட்டினாலே மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள். இருவரின் ரத்தக்குழாய்களும் அதே நஞ்சில் இணைந்திருப்பதால், இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில் ரத்தம் ஒரு பக்கமே அதிகம் பாய்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கொசஸ்தலையாற்று நீர் ஒதுங்குவது போலத்தான். கொடுத்தவர் வற்றுகிறார், பெற்றவருக்கும் சுகமில்லை, மிகை ரத்தம் அவர் இதயத்தை வாட்டுகிறது.

பிறந்தபின் இரு வகையும் நெருங்கிவிடுகின்றன. உயர வித்தியாசம் பெரும்பாலும் சுருங்குகிறது. எந்த வகையானாலும் இரட்டையர் இருவருக்கும் மரபணு ஏறக்குறைய ஒன்றே. ‘ஏறக்குறைய’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: கருவின் தொடக்க நாட்களிலேயே தோன்றிய மாற்றங்களில் இரட்டையர் சராசரியாக 5.2 இடங்களில் வேறுபடுவதாக ஐஸ்லாந்து ஆய்வு 2021இல் காட்டியது. மரபணுக்களை அடக்கியும் முடுக்கியும் விடும் வேதிக்குறிகளோ, சிறுவயதில் ஒத்திருந்து வயது ஏற ஏற விலகுகின்றன. தனித்தனியே வாழ்ந்தவர்களிடம் விலகல் அதிகம் என்றது 2005ஆம் ஆண்டு ஸ்பெயின் ஆய்வு. ஒருவர் எண்ணூரில் வலை வீச, மற்றவர் வெளியூர் வேலைக்குப் போனால், வேறுபட அதுவும் ஒரு காரணமாகலாம்.

எந்த வகை என்பதை 11-14 வாரத்து ஸ்கேன் தெளிவாகக் காட்டும். தனி நஞ்சென்றால் பிறகு மாதம் ஒரு ஸ்கேன் போதும். ஒரே நஞ்சென்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. கன்டெய்னர் லாரிகள் அடைத்துநிற்கும் எண்ணூர் சாலையில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் போய்வரும் நெட்டுக்குப்பத்துக் கர்ப்பிணிக்கு, அது இரட்டை அலைச்சல்.