தலைமுறை வருமானத் தொடர்ச்சி

பெற்றோரின் பொருளாதார நிலை பிள்ளைகளிடம் எந்த அளவுக்குத் தொடர்கிறது என்பதைக் குறிக்கும் பொருளியல் கருத்து. இதை அளக்கும் எண் தலைமுறை வருமான நெகிழ்ச்சி எனப்படும். அது 0 என்றால் தந்தையின் வருமானத்துக்கும் மகனுடையதற்கும் தொடர்பே இல்லை. 1 என்றால் தந்தையரிடையே இருந்த ஏற்றத்தாழ்வு மகன்களிடையே குறையாமல் நீடிக்கிறது.

இந்த அளவீடு பணத்தில் தொடங்கவில்லை, உடல் உயரத்தில் தொடங்கியது. இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன், நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதை 1886இல் காட்டினார். பின்வந்தவர்கள் அதே கணக்கைச் சம்பளத்துக்குப் போட்டார்கள். பொருளியலாளர்கள் கேரி பெக்கரும் நைஜல் டோம்ஸும் 1979, 1986 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் காரணத்தைத் தேடின: பிள்ளையின் படிப்பு ஒரு முதலீடு, கடன் கிடைக்காத ஏழை வீட்டில், பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த முதலீடு சுருங்கிவிடும்.

அமெரிக்காவுக்கு அந்நாளில் சொல்லப்பட்ட எண் ஏறத்தாழ 0.2. தாத்தாவின் வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தாலும், அதில் 4 விழுக்காடுதான் பேரனிடம் மிஞ்சும் என்று பொருள். கேட்க இனிமையான முடிவு, ஆனால் தவறு. தந்தையின் ஒரே ஓர் ஆண்டு வருமானத்தை அவருடைய நிலையாக எடுத்துக்கொண்டதில் வந்த பிழை அது. அந்த ஆண்டு அவருக்கு வேலை போயிருக்கலாம், எதிர்பாராத பணம் வந்திருக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து விசாரித்துச் சேர்த்த தரவுகளிலிருந்து கேரி சோலன் பல ஆண்டு வருமானத்தின் சராசரியை எடுத்தார். 1992இல் அவர் வெளியிட்ட எண் 0.4 அல்லது அதற்கும் மேல். அதே ஆண்டு டேவிட் சிம்மர்மனும் வேறு தரவுகளைக் கொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாடு மாறவில்லை, அளவுகோல் திருந்தியது. இன்னும் நீண்ட கால வருமானத்தைப் பார்த்த பாஸ்கர் மஜும்தர் 2005இல் 0.6 என்றார். இந்தத் தொடக்க ஆய்வுகள் பெரும்பாலும் தந்தை, மகன் இருவரை மட்டுமே கணக்கில் கொண்டவை. தாயும் மகளும் விடுபட்டது சின்னக் குறை அல்ல.

மைல்ஸ் கொராக்கின் நாடுகள் ஒப்பீட்டில் டென்மார்க் 0.15ஐ ஒட்டியும் அமெரிக்கா 0.5க்குச் சற்றுக் கீழும் நின்றன. ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் தொடர்ச்சியும் மிகுதி என்று காட்டும் இந்த ஒப்பீட்டின் வரைபடத்துக்கு, 2012இல் பொருளியலாளர் ஆலன் க்ரூகர் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவலை நினைத்து ‘கிரேட் கேட்ஸ்பி வளைவு’ என்று பெயரிட்டுப் பேசினார்.

பிள்ளைகள் பெற்றோரை வருமானத்தில் முந்துகிறார்களா என்பது தொடர்ச்சியிலிருந்து வேறான கேள்வி. ராஜ் செட்டி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் அப்படிச் சம்பாதித்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்.