வரைகலை அட்டையும் பெங்களூர் மாணவர் கண்ட கணக்கும்

தொம்மலூரின் பழமையைக் கூறப் புகுவோர் சொக்கநாதசுவாமி கோவிலின் தமிழ்க் கல்வெட்டுகளையே முதலிற் சுட்டுவர். அன்று கோவிற்கு அளித்த கொடையைக் கல்லிற் பொறித்து வைத்தனர். இன்று நாம் இல்லத் திருமணத்தையும் குழந்தையின் முதல் நடையையும் படமாக்கிக் கணினியிற் சேமித்து வைக்கின்றோம். அப்படத்தைத் தெளிவுறத் திரையில் ஓடச் செய்வதிற் பெரும்பங்கு, கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டைக்கு உண்டு. அது வீண்செலவு என்று பெற்றோர் கடிவதும், அஃதின்றி ஆகாது என்று பிள்ளைகள் வாதிடுவதும் காலனி இல்லங்கள் பலவற்றில் நிகழ்வதே. அவ்வட்டையின் வரலாற்றில் நம் நகருக்குள்ள உறவை இரு சாராரும் அறிதல் நன்று.

1981இல் ஐ.பி.எம். கணினியுடன் வந்த வண்ணப்பட அட்டை, குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளிகள் கொண்ட படத்தில் நான்கு நிறங்களையே காட்டவல்லது. 1999இல் என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டது. 2006இல் வந்த அதன் வழித்தோன்றலாகிய ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ்., 128 சிறு கணக்கீட்டு உறுப்புகளைக் கொண்டிருந்தது. இவற்றின் பயன் யாது? தெரு முழுதும் ஒருவரே கோலமிடின் பொழுது விடிந்துவிடும். வீட்டுக்கொருவர் தத்தம் வாயிலில் இட்டால் தெருவெங்கும் ஒரே வேளையில் முடியும். விளையாட்டுக் காட்சியின் புள்ளிகளைப் பல உறுப்புகள் ஒருங்கே கணக்கிடுவது இம்முறையே.

திரைப்படத்திற்கோ வேறோர் இடர் உண்டு. உயர் தெளிவுப் படம் ஒன்றில் 1920க்கு 1080 புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளிக்கும் செம்மை, பசுமை, நீலம் என மூன்றெண் கொண்டால், நொடிக்கு 30 படங்களுக்கு 18 கோடியே 66 லட்சம் எண்கள் ஆகும். சுருக்காது பதிந்தால், 25 ஜிகாபைட் கொண்ட புளூரே தட்டு இரண்டேகால் நிமிடத்தில் நிறைந்துவிடும்! முழுப்படம் அதில் அடங்குவது எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவர் பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது. விசுவேசுவரய்யா பெயர் தாங்கிய இந்நகரப் பொறியியற் கல்லூரியில் 1961இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கோசைன் அலைகளின் கூட்டாக எழுதுதலே அவர் கருத்து. கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நுண்ணலைகளைக் குறைத்து எழுதினால், படம் பெரிதும் கெடாமலே சுருங்கும்.

1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் அவர் பொருளுதவி வேண்டினார். கருத்து மிக எளிமையானது என்று கூறி மறுத்தனர். கோடை மாதங்களில் வருவாய் இராதே என்று மனைவியுடன் கலந்து பேசிய அவர், அதன் பின்னரும் ஆய்வைக் கைவிட்டாரல்லர். அவருடைய மாணவர் தி. நடராசனும், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற பேராசிரியர் கே. ஆர். ராவும் துணை நின்றனர். 1974 சனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அதன் நீளம் நான்கே பக்கம்!

எளிமை என்று ஒதுக்கப்பட்ட அக்கணக்கே 1992இல் ஜேபெக் நிழற்படத்திற்கும், அடுத்து எம்பெக் திரைப்படத்திற்கும் அடிப்படையாயிற்று. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையும் அதனை முழு எண்களில் அமைத்துக் கொண்டது. சுருக்கியதை மீண்டும் விரிக்கும் வேலைக்கெனவே தனிச் சுற்று இன்றைய வரைகலை அட்டைகளில் உண்டு. கணினியின் மையச் செயலி திணறாது படம் ஓடுவது இதனாலேயே.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும், 2004இல் என்விடியாவும் பெங்களூரிற் பொறியியற் பணி தொடங்கின. நம் காலனிப் பிள்ளைகள் அத்தகைய நிலையங்களிற் பணிபுரிவது பெருமையே. எனினும் வேலை வந்த ஆண்டை நினைவிற் கொள்ளும் நாம், அறிவு புறப்பட்ட ஆண்டை மறத்தல் தகுமோ? அட்டை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு, வாங்கித் தரினும் தராவிடினும், நான்கு பக்கக் கட்டுரையின் கதையைப் பெற்றோர் கூறுவாராக. பள்ளியிற் கற்கும் கோசைன் எதற்கு என்று அப்பிள்ளை பின்னர் ஒருபோதும் வினவான்.