கிரீஸ் அடித்த முட்டி

விருதுநகரில் சித்தப்பா வீட்டுச் சந்திலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டை ரிவர்ஸ் எடுத்தபோது அதன் இடது முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. நடக்கிற வேகம்கூட இல்லை. யாருக்கும் அடியும் இல்லை. முட்டி மடக்கிய மாடு மாதிரி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து, "மாசாமாசம் கிரீஸ் அடிச்சேனே, ஒரு மாசம் விட்டதில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிவகாசியிலிருந்து வந்த லேத்காரர் உடைந்த துண்டைத் துணியால் துடைத்துப் பார்த்தார். "அதனாலதாண்ணே உடைஞ்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னது எனக்கு முழுசாக விளங்கியது பல வருடம் கழித்து, நானே அந்த வண்டிக்கு அடியில் படுத்தபோதுதான்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தான ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிநுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த நுனி, ட்ரனியன் என்கிற வெண்கல உறைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இந்த மூட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்னது கியர் ஆயில். ஆனால் ஆயிலை ஏற்ற அங்கே மாட்டுவது ஒரு நிப்பிள். நிப்பிளைப் பார்த்தால் யார் கையும் கிரீஸ் கன்னைத்தான் தேடும். கிரீஸோ மரையின் அடிவரை சரியாகப் போகாது, நாள்பட இறுகியும் போகும். தண்ணீர் உள்ளே தங்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எஃகு துருப்பிடித்து விரிசல் விடும். வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் கூடும். அதனால்தான் இது பலருக்கும் வீட்டு வாசலிலேயே உடைகிறது. எங்களுக்கு அதிர்ஷ்டம். சாத்தூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் உடைந்திருந்தால் கதை வேறு.

சரி, இப்படி ஒரு மூட்டு விருதுநகர்ச் சந்துக்கு எப்படி வந்தது?

1953-இல் இங்கிலாந்தில் கார் உடல்கள் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை பி.எம்.சி. வாங்கியது. கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்துகொடுத்தவர்கள் போட்டியாளரின் ஆட்கள் ஆகிவிட்டார்கள். மற்றவர்கள் சேஸிஸும் உடலும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டாண்டர்டு பழைய வழிக்கே போனது. தனிச் சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய உடல். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தது. பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்டயர் மேலேயே உட்கார்ந்து டேப்பட் சரிசெய்யலாம். யாரோ இல்லையென்று கைவிரித்ததால் பிறந்த வடிவம், வீட்டிலேயே வேலை பார்க்க வசதியான காராக முடிந்தது.

அதே ஹெரால்டின் அடித்தளத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் கையால் 1962-இல் வந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டு சீட், திறந்த கூரை, 1980 வரை ஓடிய ஸ்போர்ட்ஸ் கார். லோட்டஸ் எலான் என்கிற இன்னொரு புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் தன் முன்சக்கரங்களுக்கு இந்த ட்ரையம்ஃப் பாகங்களைத்தான் எடுத்துக்கொண்டது. இன்று தன் வீட்டு ஷெட்டில் ஸ்பிட்ஃபயரை ஜாக்கி வைத்துத் தூக்குகிற ஓர் ஆங்கிலேயரும், வேப்பமரத்தடியில் ஹெரால்டைத் தூக்கிய எங்கள் சித்தப்பாவும் பார்ப்பது கிட்டத்தட்ட ஒரே மூட்டை.

இந்தியாவுக்கு ஸ்பிட்ஃபயர் வரவில்லை. 1953-இல் வரிக் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார் வேண்டுமென்றால் கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், மெட்ராஸின் ஸ்டாண்டர்டு என்று சில பெயர்கள்தான். ஸ்டாண்டர்டு 1961-இலிருந்து ஹெரால்டைச் செய்தது. பிறகு பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு மாடலையும் இங்கேயே உருவாக்கியது. 1972-இல் வந்த கேஸல் இன்னும் சுவாரஸ்யம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில். அது இங்குள்ள உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை. கேஸலில் அதை எடுத்துவிட்டு, லாரியில் இருப்பது மாதிரி ஒரே அச்சு வைத்தார்கள். ஸ்பேனர் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு டிசைனை மாற்ற வைத்திருக்கிறார்கள்! 1977-இல் கேஸலும் நின்றது. கம்பெனியும் பிறகு மூடியது. வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

தொழில்நுட்ப வரலாறு என்றால் கண்டுபிடிப்புகளை மட்டும் எண்ணாதீர்கள், புழக்கத்தில் இருக்கும் பழையதையும் அதைப் பராமரிப்பதையும் பாருங்கள் என்கிறார் வரலாற்றாளர் டேவிட் எட்ஜர்டன். எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு நல்ல உதாரணம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்தை ஓட்ட லேத் வேண்டும். எங்கள் லேத்காரர் வழக்கமாகக் கடைவது அச்சு எந்திரங்களுக்கான புஷ்.

எஃகுத் தண்டு சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழையதாக வந்தது. வெண்கல உறையை அவர் கன்மெட்டலில் கடைந்தார். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக ஓடும் என்பதை உடைந்த துண்டைப் பார்த்தே பிடித்துவிட்டார். பட்டாசு அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, பொறி பறக்கும்; மரமும் செம்பும் பித்தளையும்தான் என்று பழகிய ஊர் அது. மெத்தென்ற உலோகத்தின் அருமை அங்கே எல்லோருக்கும் தெரியும். "வெண்கலம் தேயட்டும்ணே. தேயத்தான வச்சிருக்கான். இரும்பு ஒடியக் கூடாது. அதுக்கு எண்ணெய் குடுங்க."

சித்தப்பா சோம்பேறி இல்லை. மாசம் தவறாமல் பராமரித்தார். அவர் அக்கறைதான் அந்தத் தண்டை உள்ளுக்குள் தின்றது. எண்ணெயா கிரீஸா என்ற ஒரு சொல் ஆங்கில மேனுவலில் இருந்தது. மேனுவல் எங்கள் வீட்டில் இல்லை. வண்டி கைமாறும்போது சாவியும் ஆர்.சி. புக்கும் கைமாறின. அந்தச் சொல் மாறவில்லை. என் தொழிலிலும் இது நடக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஏன் அப்படி எழுதினார் என்ற ஒரு வரி மட்டும் கோடில் இருக்காது. அடுத்தவர் நல்ல எண்ணத்தோடு அதில் கைவைப்பார்.

வேலை முடிந்ததும் லேத்காரர் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் கேட்டார். பானெட்டின் உட்புறத்தில் கோணல்மாணலாக எழுதினார்: "கீழ் முட்டிக்கு ஆயில். கிரீஸ் அடிக்காதே."

சித்தப்பாவால் இப்போது குனிய முடியாது. நான் ஊருக்குப் போகும்போது வேலையைப் பார்க்கிறேன். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முறையும் கேட்கிறார், "ஆயில்தானடா?"