மலைக்கோட்டையில் ஒரு வீர விளையாட்டு

விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், ஒரு நாள் மாலை நான்கு தோழர்களையும் சில பகடைகளையும் கூட்டிக்கொண்டு திண்ணையில் வந்தமர்ந்தான். ஒருவர் கதை சொல்வார். ஏனையோர் அக்கதையின் மாந்தராக நின்று தத்தம் செயலைக் கூறுவர். அச்செயல் கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்ட விளையாட்டின் வழிவந்தது இது. பின்னர், வானில் பறக்கும் மீவலிமை வீரர்களை வைத்து ஆடும் வகைகளும் தோன்றின. "தாத்தா, கதையை நீங்கள்தாம் சொல்லவேண்டும். எந்த இடம், எந்தச் சுவை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்" என்றான்.

எனக்குத் தொல்காப்பியம் நினைவிற்கு வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்து, சுவையை எண்வகை மெய்ப்பாடாகப் பிரித்த நூலன்றோ அது! பெருமிதத்திற்கு அது கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு. மீவலிமை அவற்றுள் இல்லை. அதற்காக நான் மாய வீரர்களுக்குப் பகைவன் அல்லேன். 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யைக் கணக்குப் புத்தகத்தினுள் மறைத்துப் படித்தவனே.

நிலமாக எங்கள் மலைக்கோட்டையைக் கொண்டேன். திண்டு போன்ற அப்பாறைமீது 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டை அது. 1755-இல் ஐதரலி இங்கே பௌஜ்தாராக வந்தார். ஆங்கிலேயர் 1767-இல் பிடித்து இழந்தனர். 1783-இலும் 1790-இலும் மீண்டும் பிடித்தனர். 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாகப் பெற்றனர். பொழுதாக 1801-ஐக் கொண்டேன். கும்பினியை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுகூட்டிய விருப்பாச்சிக் கோபால் நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்ட ஆண்டு அது.

"நான் பறந்து சென்று கயிற்றை அறுக்கிறேன்" என்று பேரன் பகடையை உருட்டினான். மிகப் பெரிய எண்ணே விழுந்தது. நான் ஒப்பவில்லை. வரலாற்று ஆசிரியனாக நாற்காலியில் அமர்ந்த பழக்கம் எளிதில் விடுவதன்று.

"அப்படியானால் பகடை எதற்கு, தாத்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் உயிர் கொடுத்ததை ஒரு பகடை அழித்துவிடலாகாது என்று நான் கருதியது தவறன்று. ஆயினும் முடிவு அடைபட்ட களத்தைக் கொடுத்துவிட்டு, ஆடு என்று குழந்தைகளை ஏவியது என் பிழையே.

மறுநாள் பொழுதை மாற்றினேன். 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார், விருப்பாச்சியில் கோபால் நாயக்கரின் காவலில் தங்கியிருந்தார். ஐதரலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். இடைப்பட்ட எட்டாண்டுகளில், மீட்பு கைகூடுமா என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது. அவர்களுக்காக ஓலை சுமந்து சென்றவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது.

பேரன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு தன் வீரனின் பறக்கும் ஆற்றலை அழிப்பானால் அழித்துவிட்டு, "நான் ஓலை கொண்டு போகிறவன். கோட்டையிலிருந்து விருப்பாச்சி எவ்வளவு தொலைவு, தாத்தா?" என்றான்.

"மேற்கே, ஒட்டன்சத்திரத்திற்கும் அப்பால். நடந்துதான் போகவேண்டும்" என்றேன். அவன் பகடையைக் கையில் எடுத்தான்.