போட்டோ கேக் பிறந்த கதை

போட்டோ கேக் ஏதோ ஒரு பேக்கரியில் பிறந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதன் வேர் இருப்பது ஜப்பானில், கனன் கம்பனியின் ஆய்வுகூடத்தில். 1977 ஆகஸ்டில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சோல்டரிங் அயன் தவறுதலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. இச்சிரோ எண்டோவும் கூட இருந்தவர்களும் மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விடவில்லை. ஏன் பீறிட்டது என்று தோண்டினார்கள். சூடு பட்ட இடத்தில் மை கொதித்துக் குமிழி எழும்ப, குமிழி மையை வெளியே தள்ளியிருக்கிறது. அமெரிக்காவில் ஹெச்பி கம்பனிக்காரர்களும் தங்கள் வழியில் இதே யோசனைக்கு வந்து 1984இல் திங்க்ஜெட் பிரிண்டரைக் கொண்டுவந்தார்கள். கனனின் பிஜே-80 மறு வருடம் வந்தது.

இன்றைக்கும் கனன் வீட்டு பிரிண்டரின் தலைக்குள் நடப்பது அந்தக் கொதிப்புதான். முடியை விட மெல்லிய துளை, அதற்குள் ஒரு குட்டி ஹீட்டர், கண் இமைக்கும் முன் ஒரு குமிழி. வெளியே வரும் துளியின் அளவு ஒரு லீற்றரில் லட்சம் கோடியில் சில பங்கு. அந்தத் தலைக்கு மை எதனால் ஆனது என்ற கவலை இல்லை. தண்ணீர் போல ஓடவேண்டும், கொதிக்கவேண்டும், அவ்வளவுதான். கேக்காரர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். தண்ணீர், கிளிசரின், சாப்பாட்டுக் கலர். மஞ்சளுக்கு டார்ட்ரசின், நீலத்துக்குப் பிரில்லியன்ட் ப்ளூ. 1990களில் அமெரிக்கக் கடைகளில் போட்டோ கேக் வந்தது. பிறகு சிக்காகோவில் மோட்டோ என்ற உணவகத்தை நடத்திய ஹோமாரோ காந்து, சாதாரண கனன் பிரிண்டரிலேயே மெனுவை அச்சடித்து அந்த மெனுவையே சாப்பிடக் கொடுத்தார். வேடிக்கைக்குச் செய்தார் என்றாலும், வீட்டு மெஷின் போதும் என்பதை ஊருக்குக் காட்டியது அந்த வேடிக்கைதான்.

இப்படி அச்சடித்துச் சாப்பிடும் தாளில் இரண்டு ஜாதி. ஒன்று வேஃபர், உருளைக்கிழங்கு மாவும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும். ‘ரைஸ் பேப்பர்’ என்று விற்றாலும் பெரும்பாலும் அதில் அரிசி கிடையாது. புத்தளம் வாவிக்கு அந்தப் பக்கம் தலவில கத்தோலிக்கக் கோயிலில் பூசையில் கொடுக்கும் அப்பம் கோதுமையில் ஆனது, ஆனால் தாள்போல மெலிசாகச் சுடும் வித்தையில் இரண்டும் ஒரே குடும்பம். மற்றது ஐசிங் ஷீட். சீனி, மாச்சத்து, கிளிசரின் கலந்து பிளாஸ்டிக் தாளின் மேல் மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். அச்சடித்தபின் உரித்து எடுக்கவேண்டும்.

இந்த உரிக்கும் இடத்தில்தான் எங்கள் வண்ணாத்திவில்லுக்காரர் மாட்டிக்கொள்வார். கலா ஓயா வந்து விழும் வாவிக்கரையின் ஈரக்காற்றில் பைக்கு வெளியே கிடந்த ஷீட் நைந்து, பிளாஸ்டிக்கை விடாமல் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் மணமகனின் காது பிளாஸ்டிக்கோடு போகும். ஃப்ரீஸரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் விறைத்து, நுனியிலிருந்து கழன்றுவரும். மிச்சத் தாளை உடனே காற்றுப் புகாத பையில் போட்டுவிடவேண்டும்.

வெள்ளை மை என்று ஒன்று இந்த பிரிண்டரில் இல்லை. படத்தில் வெள்ளையாகத் தெரிவது தாளின் வெள்ளை. அதனால் சொக்லட் கேக்கின் மேல் நேரே வேஃபரை வைத்தால் மணமகளின் சாரி மண்ணிறமாகிவிடும். விப்பிங் கிரீமின் ஈரத்தில் வேஃபர் சுருங்கவும் செய்யும். என் கண்ணுக்கு இதற்கென்றே அமைந்தது நம் பழைய கல்யாணக் கேக்தான். ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் போட்ட ரிச் கேக்கின் மேல் கஜு பேஸ்ட், அதன் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் ஐசிங். தூரிகையால் லேசாக ஈரம் தொட்டு ஐசிங் ஷீட்டை வைத்தால் போதும், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் போல உட்கார்ந்துவிடும். பாதாமுக்குப் பதில் கஜு அரைப்பது இந்த நாட்டு வழக்கம். கஜுத் தோட்டங்கள் இருக்கும் எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

தொடங்குகிறவர் முதலில் யாரிடமாவது அச்சடித்த ஷீட்டை வாங்கி நாலு கேக் செய்துபார்ப்பது நல்லது. மாதம் ஒரு ஓடருக்காக பிரிண்டர் வாங்குவது வீண். சும்மா கிடந்தால் துளைகளில் மை காய்ந்து அடைத்துவிடும். ஓடர் இல்லாத வாரத்திலும் ஒரு கலர்ப் படம் அடித்தே ஆகவேண்டும். வாங்குவதென்றால் புதியதாக வாங்கவேண்டும். சாதாரண மை ஓடிய தலையை எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. லேசர் பிரிண்டர் பேச்சுக்கே இடமில்லை, அது பிளாஸ்டிக் தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டும் மெஷின்.

அச்சடிக்கும் நடுவில் கரண்ட் போனால், தலை தன் மூடிக்குத் திரும்பாமல் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்டில் இது சின்ன விஷயமல்ல. கரண்ட் வரும்வரை மை அப்படியே காயும்.

ஹலால் பார்க்கிறவர்கள் இருக்கும் புத்தளம் பக்கம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். “ஷீட்டில் ஜெலட்டின் இருக்கா?” லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும். மை போத்தலில் ஈ120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. அதையும் ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிடுவது முறை. படத்தைக் கேக் கொடுக்கும் நாளிலேயே ஒட்டுங்கள், ஒட்டியபின் பிரிஜ்ஜில் வைக்கவேண்டாம். வெளியே எடுத்ததும் படத்தின் மேல் வியர்த்து, கறுப்பு மீசை நீலமும் பச்சையுமாகப் பிரிந்து வழியும். அந்தக் கறுப்பே பல கலர்களைக் கலந்து செய்ததுதானே.