குடவோலையும் ரோஸ் கலர் சீட்டும்

2019 டிசம்பர் கடைசி. விருத்தாசலத்துல செராமிக் பேட்டைக்கு லீவு சொல்லிட்டு ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஆயாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. கையைப் பிடிச்சு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனா, வாசல்லயே நின்னு ஒரே கேள்வி: "தலைவருக்கு எந்தச் சீட்டுடா?"

"ரோஸு ஆயா. பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் ஜில்லாவுக்கு, இன்னொண்ணு நம்ம வார்டுக்கு."

"அதெல்லாம் நீ பாத்துக்க. ரோஸு மட்டும் சொல்லு."

சட்டசபைக்கு மிஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், கிராம ஊராட்சிக்கு அன்னைக்கும் காகிதச் சீட்டுதான். தலைவர், வார்டு உறுப்பினர் ரெண்டு பேருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரி ஏதாவது ஒரு சுயேச்சைச் சின்னம். ஆனா ஆயாவுக்கு டெல்லி, சென்னையை விட அந்த ரோஸ் சீட்டுதான் முக்கியம். குழாயில தண்ணி வர்றதும் வராததும் அதுலதானே இருக்கு! திரும்பி வரும்போது தோணுச்சு, இந்தச் சீட்டு எங்க ஊருக்கு வந்து சேர்ந்த கதையை எழுதணும்னு. அதான் இது.

ஊராட்சித் தேர்தல்னாலே நம்மாளுங்க காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு உத்திரமேரூர்னு ஆரம்பிப்பாங்க. தப்பில்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பாகப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்னு வேலையைப் பிரிச்சாங்க. பதவி 360 நாள். எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு உண்டு: முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை குடத்துல போடக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரன் பேரும் கூடாது. இன்னைக்கு இந்த விதி வந்தா எத்தனை பேர் தேறுவாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க :-)

ஆனா அதே கல்வெட்டை முழுசாப் படிக்கணும். வரி கட்டுற கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு 35-லிருந்து 70-க்குள்ள, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். எங்க ஆயாவோட பேர் அந்தக் குடத்துக்குள்ள போயிருக்கவே முடியாது. பெருமைப்படுறப்ப இதையும் சேர்த்துச் சொல்றதுதான் நியாயம்.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். ரிப்பன் பிரபு 1882-ல் உள்ளாட்சித் தீர்மானம் போட்டார். 1884-ல் சென்னை மாகாணத்துல சட்டம் வந்துச்சு. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, அதுக்குக் கீழே யூனியன். எங்க ஊர் அப்போ தென்னாற்காடு ஜில்லா. ஜில்லா போர்டுக்குத் தலைவர் யாருன்னா, கலெக்டரேதான்! பெரும்பாலும் நியமனம், தேர்தல் பேருக்குத்தான்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. இங்கிலாந்து கிராமங்களுக்கு சொந்தமா ஊர்க்கவுன்சில் கிடைச்சதே 1894 சட்டத்துக்கு அப்புறம்தான். முதல் தேர்தல் அந்த வருஷ டிசம்பர்ல. அதுவும் எப்படி? ஊர்க்கூட்டத்துல கை தூக்கி! கூலி கொடுக்கிற பண்ணையாரும் சர்ச் பாதிரியாரும் எதிர்ல உட்கார்ந்திருக்க, கூலிக்காரன் கையைத் தூக்கணும். யாராவது கேட்டாத்தான் தனியா வாக்கெடுப்பு. இந்தக் கை தூக்குற முறை 1940-கள் கடைசி வரைக்கும் அங்க ஓடுச்சு. ரகசிய ஓட்டோட அருமை அங்கயும் ஒண்ணுதான், இங்கயும் ஒண்ணுதான்.

சுதந்திரம் வந்தப்போ அரசியல் சட்ட வரைவுல கிராமப் பஞ்சாயத்துக்கு இடமே இல்ல. கிராமம்ங்கிறது சாதியோட கூடாரம்னு அம்பேத்கர் கடுமையா எதிர்த்தார். அப்புறம் 1948 நவம்பர்ல நம்ம ஊர் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால 40-வது பிரிவா உள்ளே வந்துச்சு. ஆனா அது வெறும் வழிகாட்டு நெறி, கட்டாயமில்ல. கட்டாயமில்லைன்னா என்ன ஆகும்? 1970-ல் ஒரு தேர்தல். அடுத்தது 1986. அதுக்கு அடுத்தது 1996. இருபத்தாறு வருஷத்துல மூணே தடவை! நடுவுல தனி அலுவலர் ராஜ்ஜியம். ஏரியில மதகு உடைஞ்சா கேட்கிறதுக்கு ஊர்ல ஆள் கிடையாது, ஒன்றிய ஆபீசுக்கு பஸ் ஏறணும்.

1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம்தான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடந்தே ஆகணும்னு கட்டாயமாக்குச்சு. தனியா மாநிலத் தேர்தல் ஆணையம், தலித் மக்களுக்கு இட ஒதுக்கீடு, பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு. 1994-ல் தமிழ்நாட்டுச் சட்டம், 1996 அக்டோபர்ல தேர்தல். எங்க அத்தை வார்டு உறுப்பினர் ஆனது அந்தத் தடவைதான். கூட்டத்துக்கு மாமா போவார், அத்தை வீட்டுல கையெழுத்துப் போடுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள், "தீர்மானத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுனாத்தான் கையெழுத்து"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு வீட்டுல நடந்த சண்டை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு அத்தையே போனாங்க.

எல்லா ஊர்லயும் கதை இப்படி நல்லபடியா முடியலை. மதுரை மாவட்டம் மேலவளவுல ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்தவங்களும் செத்தாங்க. அவர் செஞ்ச குத்தம், தலித்துக்கு ஒதுக்கின பதவியில ஜெயிச்சது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நாலு ஊர்லயும் 2006 வரை பத்து வருஷம் முறையான தலைவரே இல்ல. எங்க கடலூர் மாவட்டம் மட்டும் யோக்கியமா? 2020-ல் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரை, தலித் பெண்ணுங்கிறதால, கூட்டத்துல தரையில உட்கார வெச்ச போட்டோவை நாடே பார்த்துச்சு. அம்பேத்கர் பயந்தது இதுக்குத்தான். ஓலை குடத்துக்குள்ள போயிடுச்சு. நாற்காலிதான் இன்னும் வரலை.

அப்புறம் இன்னொரு கூத்து. கட்டாயம்னு சட்டம் சொன்ன பிறகும் 2016 அக்டோபர் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செஞ்சு, மூணு வருஷத்துக்கு மேல இழுத்து, 2019 டிசம்பர் 27, 30-ல் நடந்துச்சு. பக்கத்துல இருக்கிற கள்ளக்குறிச்சிக்கு 2021 அக்டோபர். எங்க ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிஞ்சப்போ மறுபடியும் தனி அலுவலர்கள்தான் வந்தாங்க.

பேட்டையில பொம்மையை சூளையில வைக்கிறவங்களுக்குத் தெரியும். வெந்ததுக்கு அப்புறம்தான் அது பீங்கான், அதுவரைக்கும் மண்ணுதான், தண்ணி பட்டா கரைஞ்சிடும். நம்ம உள்ளாட்சியை ஒவ்வொரு தடவையும் பாதி வெந்ததும் சூளையிலேர்ந்து வெளிய எடுத்துடறோமோன்னு தோணுது.

ஆயா ஓட்டுப் போட்டுட்டு வந்து மை வெச்ச விரலை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "யாருக்கு ஆயா போட்ட?"ன்னு கேட்டேன்.

"உன்கிட்ட எதுக்குடா சொல்லணும்?"

அதானே!

உங்க ஊர்ல முதல் ஊராட்சித் தேர்தல் எப்படி நடந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க மக்களே. கல்வெட்டு எல்லா ஊர்லயும் கிடையாது. ஆயாக்கள் உண்டு.