தொப்பி ஊசியும் பூட்டு மூடியும்

மோட்டார் வண்டிக்கு வரும் வியாதிகளில் மிகவும் பொல்லாதது எது என்று என்னைக் கேட்டால், ஒரேயடியாக நின்றுபோவது அல்ல என்பேன். நின்றுபோன வண்டி யோக்கியமான வண்டி. அதற்குக் கேடு வந்துவிட்டது என்று தெருவுக்கே தெரியும். தள்ளுவதற்காவது நாலு பேர் வருவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டக்'கென்று ஒரு மூச்சை விழுங்கிவிட்டு, பிறகு ஒன்றும் அறியாததுபோல் ஓடுகிறதே, அந்த வண்டிதான் மனிதனுடைய மனத்தைக் கெடுப்பது. மெக்கானிக்கின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அது பால் குடித்த குழந்தைபோல் சாதுவாகிவிடும்.

1974-ஆம் வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. பதினாறு வயதான வண்டி. எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை. அத்தனை வருஷம் உழைத்த பிராணியின் பெயரைக் கெடுப்பானேன்? தாம்பரத்திலிருந்து மவுண்ட் ரோடுக்கு நாங்கள் நாலு பேர் கூட்டாக ஆபீஸ் போய் வருவோம். பெட்ரோலிலும் டிரைவர் சம்பளத்திலும் ஆளுக்குக் கால் பங்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் காலை வேளையில் எஞ்சின் 'மிஸ்' அடிக்க ஆரம்பித்தது. குரோம்பேட்டை தாண்டுவதற்குள் சரியாகிவிடும். மத்தியானம் மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரு குற்றமும் இராது.

அதற்கு முந்திய வருஷம், 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதில் உலகமெங்கும் விலை ஏறிவிட்டது. பண்டத்தின் விலை ஏறினால், அதைக் கையாளுகிறவன் மேல் சந்தேகமும் ஏறும் போலிருக்கிறது. "டிரைவர் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலக்கிறான் ஐயா" என்றார் கூட்டாளிகளில் ஒருவர். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் பூட்டுப் போட்ட பெட்ரோல் டாங்க் மூடி ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரைவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மிஸ் அடிப்பது நிற்கவில்லை. போதாக்குறைக்குப் புது வியாதி ஒன்றும் சேர்ந்துகொண்டது. அரைமணி ஓடியதும் வண்டி தானாகத் தளரும், பிறகு தானாகத் துள்ளும், மறுபடி தளரும். அலைமேல் படகு போவதுபோல் நாங்கள் நால்வரும் ஆபீஸுக்குப் போனோம்.

இந்த இடத்தில் என் வண்டியைச் சாலையோரமாக நிறுத்திவிட்டு, வாசகர்களை 86 வருஷம் பின்னால் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இதே இரண்டு வியாதிகளும் உலகத்தின் முதல் நெடும் மோட்டார்ப் பிரயாணத்தில், ஒரே நாளில் வந்திருக்கின்றன.

ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-இல் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் வாங்கினார். வாங்க ஆள் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே தம்முடைய சீதனப் பணத்தை அவருடைய தொழிலில் போட்டவர் அவருடைய மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டு மாதத்தில் ஒரு விடியற்காலம், கணவர் எழுந்திருக்குமுன், பெர்த்தா அம்மாள் 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாயார் வீட்டுக்குப் போவதாக உத்தேசம். புருஷனிடம் உத்தரவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்காரரிடம், கறை போக்குவதற்கு விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். மேட்டில் வண்டி ஏறவில்லை; பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்கு ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்துக்கொண்டார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மாள் தொப்பியிலிருந்து நீள ஊசியை உருவி அடைப்பைக் குத்தி எடுத்தார். பிறகு மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்து பொறி கசிந்தது. காலுறை நழுவாமல் பிடிக்கும் பட்டையைக் கழற்றிக் கம்பியின்மேல் சுற்றினார். அந்தி நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

எண்ணெய் வராவிட்டால் ஊசி. பொறி கசிந்தால் பட்டை. எஞ்சின் வைத்தியம் முழுவதும் அன்றைக்கே ஆகிவிட்டது என்று சொன்னால் மோட்டார் நிபுணர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் பெட்ரோல் எஞ்சின் மூச்சுத் திணறும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி இன்றைக்கும் அதுதான்: தீனி வரவில்லையா, தீ வரவில்லையா?

இவற்றில் தீதான் முதலிலிருந்தே தொல்லை. பிரச்னைகளுக்கெல்லாம் பெரிய பிரச்னை பொறி என்று பென்ஸே சொல்லியிருக்கிறார். அவருடைய எஞ்சின் நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றுத்தான் சுற்றியது. பாட்டரியும் அதிரும் சுருளும் அதற்குப் போதும். வேகம் ஏற ஏற, ஒவ்வொரு பொறியும் குறித்த கணத்தில் விழ வேண்டியதாயிற்று. பாஷ் தொழிற்சாலையில் கோட்லோப் ஹோனோல்ட் 1902-இல் உயர் அழுத்த மாக்னெட்டோவும் அதற்கேற்ற பிளக்கும் செய்தார். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் பாட்டரி, காயில், பாயிண்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 1910-ஆம் வருஷத்துக் காடில்லாக் வண்டியில் அது ஏறியது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் காந்தம் சரிந்து, சில வோல்ட்டு மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்டாகப் பாய்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு 100 பொறி. பாயிண்ட் இடைவெளியோ அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. விநாடிக்கு நூறில் ஒன்றிரண்டு தவறினால் எந்தக் கண் பார்க்கும்? பெர்த்தா அம்மாளுக்குக் கண்ணெதிரே தெரிந்த குற்றம், எஞ்சின் தேறத் தேற உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

இப்போது கார்களிலே கம்ப்யூட்டர் வந்து, எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று நம்பர் போட்டுச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் இது சட்டமே ஆகிவிட்டது. ஆனால் வயரா, பிளக்கா, பெட்ரோலா, எங்கேனும் புகுந்த காற்றா என்பதை அது சொல்வதில்லை. அதற்கு இன்னும் ஒரு மனிதன் குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிக் குனிந்து பார்க்கிறவர் ஒருவர் பல்லாவரத்தில் இருந்தார். "நீங்க கொண்டாற நேரம் சரியில்லை சார். வியாதி வர்ற நேரத்திலே நான் வண்டியிலே இருக்கணும்" என்றார். ஒருநாள் சாயங்காலம் மவுண்ட் ரோடிலேயே வந்து ஏறிக்கொண்டார். கூட்டாளிகள் மூவரும் அன்று பஸ்ஸில் போய்விட்டார்கள். பரங்கிமலை அருகே வண்டி தளர்ந்து துள்ள ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லி இறங்கி, "டாங்க் சாவி கொடுங்க" என்றார். மூடியைத் திருகியதும் 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி கிளம்பினால் வண்டி பழைய நாளைப்போல் ஓடியது.

பெட்ரோல் வெளியே போக வேண்டுமானால், போன இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த வண்டியின் பழைய மூடியில் அதற்கென்று ஒரு சின்னத் துளை உண்டு. நான் வாங்கிய பூட்டு மூடியில் இல்லை. டாங்கில் காற்று வற்ற வற்ற, பம்ப் இழுக்கமாட்டாமல் எஞ்சின் பட்டினி கிடந்தது. மண்ணெண்ணெய் வாசனை வருகிறதா என்று நான் அவ்வப்போது திறந்து முகர்ந்து பார்த்தேனே, அப்போதெல்லாம் காற்றுப் புகுந்து வியாதி குணமாகியிருக்கிறது. என் சோதனையே மருந்தாகிவிட்டதால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பல்லாவரம் போவதற்குள் இருட்டிவிட்டது. மெக்கானிக் ஷெட்டிலிருந்த விளக்கை அணைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, கையால் நீரைப் பொடியாகத் தெளித்தார். பிளக் வயர் ஒன்றின்மேல் நீலநிறத்தில் ஒரு பொறி பூரான்போல் ஓடி இரும்பில் இறங்கியது. ரப்பர் உறையில் மயிரிழைக் கீறல். காலை ஈரத்தில் மின்சாரம் அதன் வழியே கசியும். எஞ்சின் சூட்டில் ஈரம் உலர்ந்ததும் நின்றுவிடும். மத்தியானத்தில் எப்படித் தெரியும்?

வயரை மாற்றினார்கள். டிரைவர் டிக்கியைத் திறந்து, பழந்துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பழைய மூடியைக் கொண்டுவந்து மாட்டினார். பூட்டு மூடியை நான் மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை, கூட்டாளிகள் மூவரும் ஏறி உட்கார்ந்த பிறகு, நடந்ததை அவர்கள் எதிரிலேயே சொல்லி, தப்பு என்னுடையது என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"மத்த மூணு வயரும் அதே வயசுதாங்க. கார்த்திகை பிறக்கறதுக்குள்ளே மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.